போலர் திணறுதா? சேர்வர் ஸ்டேட்டஸ் பாக்கிறதில இருந்து எஸ்என்எம்பி போலிங்கை கெதியாக்கிற வரைக்கும்

கிராஃபில இடைக்கிட வெள்ளை ஓட்டை விழுது, அலர்ட் வர 10 நிமிஷம் பிந்துது, டாஷ்போர்ட் முழுக்க பச்சையா இருக்கேக்கதான் யாழ்ப்பாண பிராஞ்ச்ல இருந்து "சிஸ்டம் வேலை செய்யேல்ல" எண்டு கோல் வருது. இதில ஒண்டாவது உங்கட ஒபிஸ்ல நடக்குதெண்டா மேல வாசிங்க. கொழும்பில கன கம்பனிகள்ல ஒரே ஆள்தான் சேர்வர், சுவிட்ச், சிசிடிவி, எம்டிட வீட்டு வைஃபை வரைக்கும் பாக்கிறது, அப்பிடியான ஆக்களை நினைச்சுத்தான் இதை எழுதுறன்.

போலிங் எண்டது மொனிட்டரிங் சேர்வர் ஒவ்வொரு டிவைஸிட்டயும் எஸ்என்எம்பி எண்ட நெட்வேர்க் முறையில நிலவரம் கேக்கிறது, அப்பிடிக் கேக்கிற ப்ரோகிராம்தான் போலர். போலிங் பிந்தினா உடன எல்லாரும் செய்யிறது மொனிட்டரிங் சேர்வருக்கு ரெம் கூட்டுறது, கோர் கூட்டுறது. அனேகமா அது வேலைக்கு ஆகாது. போலர் வேலை செய்து களைக்கிறதில்ல, அது பதிலுக்காக சும்மா காத்துக்கொண்டு நிக்குது, அந்தக் காத்திருப்பை எங்க வெட்டுறது எண்டதுதான் முழுக்கதையும். லிப்ரேஎன்எம்எஸ், ஸபிக்ஸ், கேக்டை எண்ட மூண்டு மொனிட்டரிங் டூலையும் வச்சு சொல்றன், வேற டூல் பாவிக்கிறவங்களுக்கும் கணக்கு ஒண்டுதான்.

ஸ்டெப் 1: "அப்" எண்டா என்னெண்டு முதல்ல முடிவெடுங்க

பிங் போகுது எண்டா மெஷின்ட நெட்வேர்க் கார்ட்டும் கேர்னலும் உயிரோட இருக்கெண்டு மட்டும்தான் அர்த்தம். டேட்டாபேஸ் செத்துப்போய் வெப்சைட் 500 எரர் காட்டினாலும் பிங் வடிவா போகும். அதால ஒவ்வொரு சேர்வருக்கும் குறைஞ்சது மூண்டு கேள்வி வையுங்க: மெஷின் பதில் சொல்லுதா, போர்ட் திறந்திருக்கா, உள்ள ஓடுற சேர்விஸ் உண்மையிலயே சரியான பதிலைத் தருதா. கடைசிதான் முக்கியம். வெப் எண்டா லொகின் பேஜை எடுத்து அதில வரவேண்டிய ஒரு சொல் வருதா எண்டு பாருங்க, டேட்டாபேஸ் எண்டா ஒரு சின்ன செலக்ட் குவெரி ஓட விடுங்க.

லினக்ஸ் சேர்வர்ல ஆக்கள் பிழையா வாசிக்கிற மூண்டு நாலு விஷயம் இருக்கு. லோட் அவரேஜ் எண்டது சிபியு மட்டும் இல்ல, லினக்ஸ்ல டிஸ்க்குக்காக காத்துக்கொண்டு நிக்கிற ப்ரொசஸும் அதில சேரும், அதால 4 கோர் மெஷின்ல லோட் 8 எண்டு வந்தா கோர் கூட்ட முதல் ஐஓவெயிட்டை (டிஸ்க்குக்காக சிபியு சும்மா நிக்கிற நேரம்) பாருங்க. மெமரியில "ஃப்ரீ" எண்ட நம்பரை பாத்து பயப்பட வேண்டாம், லினக்ஸ் மிச்ச மெமரியை கேஷுக்கு எடுக்கும், "அவெய்லபிள்" எண்டதை பாருங்க, அது 2014ல வந்த கேர்னல் 3.14ல இருந்தே கேர்னலே தாற கணக்கு. டிஸ்க்கில இடம் 40 வீதம் மிச்சம் இருக்க ஃபைல் உருவாக்கேலாம போனா ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்டு வேண்டிய பதிவு இடம்) முடிஞ்சிருக்கும், செஷன் ஃபைலும் மெயில் கியூவும் குவியிற சேர்வர்கள்ல இது அடிக்கடி வரும், அதுக்கு தனி செக் போடுங்க. மும்பை இல்லாட்டி சிங்கப்பூர் கிளவுட்ல விஎம் வச்சிருக்கிறவங்க ஸ்டீல் டைமையும் பாருங்க, உங்கட விஎம் சிபியு கேக்கேக்க ஹோஸ்ட் குடுக்காம வச்சிருக்கிற நேரம் அது. எஸ்எஸ்எல் சேர்டிஃபிகேட் முடியிற திகதி, என்டிபி நேர வித்தியாசம், பேக்கப் கடைசியா எப்ப ஓடினது, இதெல்லாம் ஒருக்கா போட்டு விட்டா போதும், பிறகு தொடத் தேவையில்ல.

எங்கட ஊருக்கு கட்டாயம் வேண்டியது யூபிஎஸ். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் இருந்ததை ஆரும் மறந்திருக்க மாட்டீங்க. யூபிஎஸ்ல நெட்வேர்க் கார்ட் இருந்து அது பொதுவான யூபிஎஸ் மிப்பை (எஸ்என்எம்பியில கேக்கக்கூடிய விஷயங்கள்ட பட்டியல்) சப்போர்ட் பண்ணினா 1.3.6.1.2.1.33.1.2.3.0 எண்ட ஓஐடியில (அந்தப் பட்டியல்ல ஒரு விஷயத்துட நம்பர் விலாசம்) இன்னும் எத்தனை நிமிஷம் பேட்டரி தாங்கும் எண்டு வரும். பேட்டரியில ஓடுது எண்ட அலர்ட் மட்டும் காணாது, 10 நிமிஷத்துக்கு கீழ போனா சேர்வரை ஒழுங்கா ஷட்டவுன் பண்ண ஸ்கிரிப்ட் ஓட வேணும்.

ஸ்டெப் 2: ஒண்டையும் மாத்த முதல் அளந்து பாருங்க

டீஃபோல்ட்டா கேக்டையும் லிப்ரேஎன்எம்எஸும் 5 நிமிஷத்துக்கு ஒருக்கா போல் பண்ணும், அதாவது 300 செக்கன். அதுக்குள்ள எல்லா டிவைஸும் முடிய வேணும். முடியாட்டி அடுத்த ரவுண்ட் முதல் ரவுண்டோட முட்டும். கிராஃப் டேட்டாவை வச்சிருக்கிற ஆர்ஆர்டி ஃபைல்ல ஹார்ட்பீட் (புது டேட்டாவுக்காக காத்திருக்கிற ஆகக்கூடின நேரம்) வழமையா 600 செக்கன், அந்த நேரத்துக்குள்ள புது டேட்டா வராட்டி அது "தெரியாது" எண்டு எழுதிடும், கிராஃபில நீங்க பாக்கிற ஓட்டை அதுதான்.

கேக்டையில லொக் ஃபைல்ல சிஸ்டம் ஸ்டேட்ஸ் எண்டு ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு வரி விழும், எத்தனை செக்கன் எடுத்தது, எத்தனை ப்ரொசஸ், எத்தனை ஹோஸ்ட் எல்லாம் அதில இருக்கு. லிப்ரேஎன்எம்எஸ்ல போலர் பேஜில ஒவ்வொரு டிவைஸும் எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு காட்டும், டிவைஸ்ட கிராஃபுக்குள்ள போனா எந்த மொடியூல் எத்தனை செக்கன் எண்டும் பிரிச்சு பாக்கலாம். ஸபிக்ஸ்ல கியூவையும் போலர் ப்ரொசஸ் எத்தனை வீதம் பிஸி எண்டதையும் பாருங்க, 75 வீதத்துக்கு மேல தொடர்ந்து நிண்டா இடம் காணாமல் போகுது எண்டு அர்த்தம்.

இப்ப ஒரு கணக்கு. 400 டிவைஸ், ஒண்டுக்கு சராசரி 9 செக்கன் எண்டு வைப்பம். மொத்தம் 3600 செக்கன் வேலை, அதை 300 செக்கனுக்குள்ள முடிக்க குறைஞ்சது 12 த்ரெட் (ஒரே நேரத்தில பக்கத்து பக்கத்தில ஓடுற போலிங் வேலை) வேணும், ஒரு லைன் ஸ்லோ ஆனாலும் தாங்கிற மாதிரி 20, 24 எண்டு வைக்கிறது நல்லம். ஆனா கவனியுங்க, அந்த 9 செக்கனை 3 ஆக்கினா வெறும் 4 த்ரெட் காணும். அதாலதான் த்ரெட்டை கூட்டிற கதையை பின்னுக்கு தள்ளி வச்சிருக்கிறன்.

உங்கட லிஸ்டை நேரத்தின்படி சோர்ட் பண்ணுங்க. எப்பவுமே மேல இருக்கிற கொஞ்ச டிவைஸ்தான் பெரும்பங்கு நேரத்தை சாப்பிடும். அதுகளோட தொடங்குங்க.

ஸ்டெப் 3: மெதுவான ஒரு சுவிட்சை எடுத்து கிட்ட வச்சு பாருங்க

நுவரெலியா பிராஞ்ச்ல ஒரு 48 போர்ட் சுவிட்ச் இருக்கெண்டு வையுங்க, கொழும்பில இருந்து விபிஎன் வழியா போய் வர 40 மில்லிசெக்கன். போர்ட், விலான், லூப்பேக் எல்லாம் சேத்து 60 இன்டர்ஃபேஸ். இன்டர்ஃபேஸ் டேபிள்ல 22 கொலம் இருக்கு, அப்ப 60 தர 22, மொத்தம் 1320 வேல்யூ. எஸ்என்எம்பி வேர்ஷன் 1ல வோக் பண்ணினா (டேபிளை வரிசையா முழுக்க கேட்டா) கெட்நெக்ஸ்ட் எண்டுதான் போகும், ஒரு வேல்யூ கேட்டு பதில் வந்த பிறகுதான் அடுத்தது கேக்கும். புறக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் பருப்பு வாங்கி வீட்ட வந்து, திரும்ப சீனிக்கு பஸ் ஏறுற மாதிரி. 1320 தரம் போய் வர 40 மில்லிசெக்கன் வீதம் 52.8 செக்கன், இவ்வளவு நேரமும் உங்கட சேர்வர்ட சிபியு சும்மாதான் இருக்கு, இதில ரெம் கூட்டி என்ன செய்யிறது?

வேர்ஷன் 2சியில கெட்பல்க் இருக்கு. ஒரே கேள்வியில 25 வேல்யூ கேட்டா 53 தரம் போய் வந்தா போதும், ரெண்டு செக்கனுக்கு கொஞ்சம் மேல, அதோட சுவிட்ச் பதில் தயாரிக்கிற நேரம்.

இதை நீங்களே பாக்கலாம். மொனிட்டரிங் சேர்வர்ல இருந்து எஸ்என்எம்பிவோக் கொமாண்டை முன்னுக்கு டைம் கொமாண்ட் போட்டு வேர்ஷன் 1ல ஓட விடுங்க, ஓஐடி 1.3.6.1.2.1.2.2. பிறகு அதே ஓஐடியை வேர்ஷன் 2சியில எஸ்என்எம்பிபல்க்வோக்கால ஓட விடுங்க. இந்தக் கொமாண்டுகள் வாற நெட்எஸ்என்எம்பியில மேக்ஸ் ரிப்படிஷன் (ஒரு கேள்வியில எத்தனை வேல்யூ எண்டது) டீஃபோல்ட் 10, அதை மாத்த மைனஸ் போட்டு கெப்பிட்டல் சி, சின்ன ஆர், பின்னுக்கு நம்பர். 10, 25, 50 எண்டு மாத்தி மாத்தி பாத்து எதில நேரம் குறைவெண்டு குறிச்சு வையுங்க.

நம்பரை கண்டபடி ஏத்தவும் கூடாது. பதில் பக்கெட் 1500 பைட்டை தாண்டினா துண்டு துண்டாகும், விபிஎன் டனல்ல அதை விட குறைஞ்ச அளவிலயே ஆகும், இடையில நிக்கிற ஃபயர்வோல் அந்தத் துண்டை விடாட்டி முழு பதிலும் போச்சு, பிறகு டைம்அவுட், ரீட்ரை எண்டு முந்தி இருந்ததை விட மோசமாகும். "சின்ன ஓஐடி கேட்டா வருது, வோக் பண்ணினா நடுவில தொங்குது" எண்டு ஆராவது சொன்னா முதல் சந்தேகம் இதிலதான் வர வேணும். பழைய சுவிட்ச், மலிவு யூபிஎஸ் கார்ட் எல்லாம் 10க்கு மேலேயே தடுமாறும், லிப்ரேஎன்எம்எஸ்ல டிவைஸ் டிவைஸா இந்த நம்பரை மேக்ஸ் ரிப்பீட்டர்ஸ் எண்ட பேரில செட் பண்ணலாம், அதனால பலவீனமான ஒண்டுக்காக எல்லாத்தையும் குறைக்கத் தேவையில்ல.

வேர்ஷன் 1ஐ கைவிட இன்னொரு காரணமும் இருக்கு. பழைய 32 பிட் கவுண்டர் 4,294,967,296 பைட்டோட திரும்ப பூச்சியத்துக்கு வந்திடும். 100 எம்பிபிஎஸ் லைன் நிரம்பி ஓடினா அதுக்கு கிட்டத்தட்ட 343 செக்கன், 5 நிமிஷ போலிங்ல தப்பலாம். 1 ஜிபிபிஎஸ் எண்டா வெறும் 34 செக்கன், ரெண்டு போலுக்கு இடையில பல தரம் சுத்திடும், கிராஃபில வாறது குப்பை. 64 பிட் கவுண்டர் 1.3.6.1.2.1.31.1.1.1.6ல உள்ள வாறதும் அதே வரிசையில 10ல வெளிய போறதும் இருக்கு, வேர்ஷன் 1ல இதை எடுக்கேலாது. பாதுகாப்புக்கு வேர்ஷன் 3தான் நல்லம், ஏனெண்டா 2சியில கொம்யூனிட்டி பாஸ்வேர்ட் மறைக்காமலே போகும். வேர்ஷன் 3யிலும் கெட்பல்க் இருக்கு, என்கிரிப்ஷனால கொஞ்சம் நேரம் கூடும், நவீன சுவிட்சுகளுக்கு அது பெரிய சுமை இல்ல.

ஸ்டெப் 4: தேவையில்லாததை கேக்காதீங்க

இதுதான் ஆகலும் மலிவான வழி, ஆனா ஆரும் செய்யிறதில்ல. லிப்ரேஎன்எம்எஸ் ஒரு டிவைஸை சேத்தவுடன ஒரு பட்டியல் மொடியூல் ஓடத் தொடங்கும். பிஜிபியே (ரவுட்டர்கள் தங்களுக்குள்ள பாதை பரிமாறுற முறை) இல்லாத அக்சஸ் சுவிட்சுக்கு பிஜிபி மொடியூல் எதுக்கு? மொடியூல் நேரக் கிராஃபை பாத்து ஒரு டேட்டாவும் தராம செக்கன் தின்னுறதை நிப்பாட்டுங்க, ஓஎஸ் வாரியாகவும் நிப்பாட்டலாம், டிவைஸ் வாரியாகவும் நிப்பாட்டலாம்.

முழு ரவுட்டிங் டேபிள் வச்சிருக்கிற ரவுட்டர்ல ரவுட் டேபிளை வோக் பண்ணினா சிபியு கூரையில முட்டும். சிஸ்கோவில எஸ்என்எம்பி வியூ ஒண்டு செய்து அந்தக் கிளையை விலக்கி விடுங்க, அப்ப ஆர் எந்த டூலால கேட்டாலும் அந்தப் பக்கம் போகேலாது. ஜூனிப்பர்ல தேவையில்லாத சப் இன்டர்ஃபேஸை எஸ்என்எம்பியில காட்டாம மறைக்க ஃபில்டர் இருக்கு. சிஸ்கோவில இஃப்இன்டெக்ஸ் பெர்சிஸ்டையும் போட்டு விடுங்க, இல்லாட்டி கரண்ட் கட்டுக்குப் பிறகு ரீபூட் ஆகி வந்த ரவுட்டர்ல இன்டர்ஃபேஸ் நம்பர் மாறி ஒரு லைன்ட கிராஃப் மற்ற லைனுக்கு போய் நிக்கும்.

ஸபிக்ஸ்ல டெம்ப்ளேட்டை அப்பிடியே போடாம இன்டர்வலை பாருங்க. ட்ராஃபிக் நிமிஷத்துக்கு ஒருக்கா சரி, சீரியல் நம்பரும் மொடலும் நாளைக்கு ஒருக்கா காணும். 6.4ல இருந்து வோக் எண்டு ஒரு ஐட்டம் வகை இருக்கு, டேபிளை ஒரே தரத்தில பல்க்கா எடுத்து மிச்ச ஐட்டம் எல்லாத்தையும் அதில இருந்து பிரிச்சுக் குடுக்கும், பழைய டெம்ப்ளேட்ல இருக்கிறவங்க அதுக்கு மாறுங்க. லினக்ஸ், விண்டோஸ் சேர்வர்களை ஆக்டிவ் ஏஜென்டுக்கு மாத்தினா அதுகளே டேட்டாவை அனுப்பும், போலர் அதுக்காக காத்து நிக்க வேண்டியதில்ல.

ஸ்டெப் 5: செத்த டிவைஸ்தான் பெரிய கள்ளன்

நெட்எஸ்என்எம்பியில டீஃபோல்ட் டைம்அவுட் 1 செக்கன், ரீட்ரை 5. பதில் சொல்லாத டிவைஸ் ஒண்டுக்கு ஒரு கேள்விக்கு மட்டும் 6 செக்கன் போகும். 30 டிவைஸ் செத்திருந்தா 180 செக்கன், ஒரு த்ரெட்ல ஓடுற போலருக்கு அதோட ரவுண்ட்ல பாதிக்கு மேல முடிஞ்சுது. ரீட்ரையை 2க்கு இறக்குங்க, தூர பிராஞ்சுக்கு டைம்அவுட்டை 2 செக்கன் வையுங்க. முதல்ல பிங், அது போகாட்டி எஸ்என்எம்பி கேக்கவே வேண்டாம் எண்ட செட்டிங் இருந்தா போடுங்க. ஸபிக்ஸ் பதில் சொல்லாததுகளை தனி போலருக்கு தள்ளும், அதுட எண்ணிக்கையையும் கொஞ்சம் கூட்டி விடுங்க. கழட்டி ஸ்டோர் ரூம்ல வச்ச சுவிட்ச் இன்னும் லிஸ்ட்ல இருந்தா அழிச்சு விடுங்க, எந்த ஒபிஸ்லயும் இப்பிடி கொஞ்சம் இருக்கும்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போனது ஞாபகம் இருக்கும், பாணந்துறை சப்ஸ்டேஷன்ல குரங்கு எண்டு அமைச்சர் சொல்லப் போய் உலகமே சிரிச்ச நாள். அப்பிடி ஒரு நாள்ல பிராஞ்ச் பிராஞ்சா யூபிஎஸ் இறங்க இறங்க என்ன நடக்கும்? கொழும்பில ஜெனரேட்டர்ல ஓடுற மொனிட்டரிங் சேர்வர் செத்த நூறு டிவைஸுக்கு டைம்அவுட் எண்ணிக்கொண்டு நிக்கும், உயிரோட இருக்கிறதுட டேட்டாவும் பிந்தும், ஃபோன்ல அலர்ட் மழை. இதுக்குத்தான் டிபெண்டென்சி. பிராஞ்ச் ரவுட்டரை பேரண்ட் ஆக்கி, அதுக்குப் பின்னால இருக்கிற சுவிட்ச், கேமரா, ஏபி எல்லாத்தையும் அதுக்குக் கீழ போடுங்க, ரவுட்டர் போனா ஒரு அலர்ட் மட்டும் வரும். எரிச்சலான வேலைதான், ஆனா ஒரு பின்னேரத்தில முடிச்சிடலாம்.

பொய் ரீபூட் அலர்ட் ஒண்டும் இருக்கு. சிஸ்அப்டைம் எண்டது செக்கன்ல நூறில ஒரு பங்கை 32 பிட்ல எண்ணுறது, 497 நாள்ல பூச்சியத்துக்கு வந்திடும், ரீபூட் ஆகாத சுவிட்ச் ரீபூட் ஆன மாதிரி காட்டும். 1.3.6.1.6.3.10.2.1.3.0 எண்ட எஞ்சின்டைம் செக்கன்ல எண்ணுறதால அந்தப் பிரச்சினை வராது.

ஸ்டெப் 6: இப்ப த்ரெட்டை கூட்டுங்க

கேக்டையில இன்னும் பிஎச்பி போலர்ல ஓடுறீங்கண்டா ஸ்பைனுக்கு மாறுங்க, அது சியில எழுதின மல்டிதிரெட் போலர், வித்தியாசம் முதல் ரவுண்ட்லயே தெரியும். லிப்ரேஎன்எம்எஸ்ல டிஸ்பாச்சர் சேர்விஸில வேர்க்கர் எண்ணிக்கையை கூட்டலாம். ஸபிக்ஸ்ல ஸ்டார்ட்போலர்ஸ் டீஃபோல்ட் வெறும் 5, நூற்றுக்கணக்கான ஹோஸ்டுக்கு அது எந்த மூலைக்கு? 7.0ல எஸ்என்எம்பிக்கு தனியா அசிங்க்ரோனஸ் போலர் வந்திட்டுது, ஒரு ப்ரொசஸே ஒரே நேரத்தில 1000 செக் வரைக்கும் கையில வச்சிருக்கும், பழைய வேர்ஷன்ல நிண்டு போலரை கூட்டிக்கொண்டே போறதை விட அப்கிரேட் பண்ணுறது நல்லம்.

ஒரு எச்சரிக்கை: த்ரெட்டை கூட்டேக்க ஒரே டிவைஸை நாலு பக்கத்தால தாக்காதீங்க. ரவுட்டர்கள்ல எஸ்என்எம்பிக்கு முன்னுரிமை குறைவு, கொன்ட்ரோல் பிளேன் பொலிசிங் (ரவுட்டர்ட சிபியுவுக்கு வாற பக்கெட்டுக்கு போடுற கட்டுப்பாடு) போட்டிருந்தா கூடின கேள்வியை அது சத்தமில்லாம ட்ரொப் பண்ணும்.

ஸ்டெப் 7: டிஸ்க்

போலர் கெதியா முடிச்சும் கிராஃப் பிந்தினா எழுதுற இடத்தில பிரச்சினை. ஒவ்வொரு ஆர்ஆர்டி ஃபைலுக்கும் சின்னச் சின்னதா எழுதுறதால பழைய சுத்துற டிஸ்க் தாங்காது, ஆயிரக்கணக்கான ஃபைல்ல ஐஓவெயிட் ஏறிக்கொண்டே போகும். ஆர்ஆர்டிகேஷ்டி போடுங்க, அது நீங்க செட் பண்ணின நேரத்துக்கு, உதாரணமா அரை மணித்தியாலத்துக்கு, மெமரியில சேத்து வச்சு ஒண்டா எழுதும், கிராஃப் கேக்கேக்க மட்டும் அந்த ஃபைலை உடன எழுதித் தரும். கரண்ட் பட்டெண்டு போனா மெமரியில இருந்தது போகாம இருக்க ஜேர்னலை ஒன் பண்ணுங்க. ஒரு சாதாரண எஸ்எஸ்டி மாத்தினாலும் பெரிய விடுதலை. ஸபிக்ஸ்காரருக்கு தலையிடி ஹவுஸ்கீப்பர், பழைய டேட்டாவை வரி வரியா அழிக்கேக்க டேட்டாபேஸ் முழுக்க மந்தமாகும், டேபிளை நாள் வாரியா பார்டிஷன் பண்ணினா பழைய துண்டை ஒரே அடியில தூக்கி எறியலாம்.

ஒரு நிமிஷ போலிங் வேணுமெண்டு மேல இருந்து கேட்டா, வேலை 5 மடங்கு கூடும் எண்டதையும் பழைய ஆர்ஆர்டி ஃபைல்களை மாத்த வேண்டி வரும் எண்டதையும் முதலே சொல்லுங்க. கோர் லிங்க் கொஞ்சத்துக்கு மட்டும் செய்தா போதும்.

ஸ்டெப் 8: தூர பிராஞ்சுக்கு கிட்ட ஒரு ஆளை வையுங்க

யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் ஐம்பது அறுபது டிவைஸ் இருந்தா கொழும்பில இருந்து ஒவ்வொண்டா கேக்கிறது வீண். அங்கேயே ஒரு ஸபிக்ஸ் ப்ரொக்ஸி வையுங்க, போலிங் லோக்கல்ல ஒரு மில்லிசெக்கன்ல நடக்கும், கொழும்புக்கு சேத்த டேட்டா மட்டும் வரும், லைன் அறுந்தாலும் ப்ரொக்ஸி தன்னட்ட வச்சிருந்து பிறகு அனுப்பும். லிப்ரேஎன்எம்எஸ்ட டிஸ்ட்ரிபியூட்டட் போலர் அப்பிடி இல்ல, அதுக்கு எப்பவும் நடு டேட்டாபேஸோட தொடர்பு வேணும், லைன் போனா அங்கத்தைய போலிங்கும் போச்சு. ராஸ்பெரி பையில ப்ரொக்ஸி ஓடும், ஆனா எஸ்டி கார்ட் தொடர்ந்து எழுதி எழுதி செத்துப்போகும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில செகண்ட்ஹேண்ட் மினி பிசி ஒண்டு எடுத்து எஸ்எஸ்டியோட வையுங்க.

ஸ்டெப் 9: அலர்ட், அதோட மொனிட்டரை ஆர் மொனிட்டர் பண்ணுறது

ஒரு பிங் தவறினவுடன அலர்ட் போகக்கூடாது, தொடர்ந்து மூண்டு தவறினா போகட்டும். ராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டியது எது, காலமை பாத்தா காணும் எண்டது எது எண்டு ரெண்டாப் பிரிங்க, இல்லாட்டி ஒரு மாசத்தில எல்லாரும் மியூட்ல போட்டிடுவாங்க. டைம்சோனை ஓஎஸ்லயும் பிஎச்பியிலயும் ஒரே மாதிரி கொழும்பு நேரத்துக்கு வையுங்க, ஒண்டு யூடிசியில நிண்டா அஞ்சரை மணித்தியால வித்தியாசத்தில சம்பவத்தை தேடித் தேடி விசராகும்.

மொனிட்டரிங் சேர்வரே விழுந்தா ஆர் சொல்லுறது? ஒபிஸுக்கு வெளிய, வேற நெட்வேர்க்கில ஒரு சின்ன விஎம்மில இருந்து அதை செக் பண்ணுங்க. போலிங் கடைசியா எப்ப முடிஞ்சுது எண்ட நேரத்தையும் அதால பாக்க விடுங்க, சேர்வர் எழும்பி நிக்கும் போலர் மட்டும் தூங்கும், அது நடக்கிற விஷயம். ஒபிஸ் இன்டர்நெட் போனா ஈமெயிலும் டெலிகிராமும் வெளிய போகாது, அதால ஒரு ஜிஎஸ்எம் மொடத்தில எஸ்எம்எஸ் போற வழியும் வையுங்க, ஒபிஸ் லைன் எந்தக் கம்பனியோ சிம் அது இல்லாத வேற கம்பனியில எடுங்க. எல்லாம் செட் பண்ணினாப் பிறகு ஆரும் வேலை செய்யாத ஒரு சனிக்கிழமை பின்னேரம் இன்டர்நெட் கேபிளை கழட்டி எஸ்எம்எஸ் வருதா பாருங்க. ப்ரீபெய்ட் சிம் எண்டா ரீலோட் முடியிற திகதியையும் ஒரு செக்கா சேத்து விடுங்க.